மகளை மூளை ஸ்கேன் ஆய்வுக்குக் கூட்டிப்போன அனுபவம்

மகளுடைய உதைபந்தாட்டக் குழுவிலுள்ள பெற்றோர் சிலர், கன்கஷன் (தலையில் அடிபட்டு மூளையின் வேலை குழம்புவது) ஆய்வில் பிள்ளையைச் சேர்க்கலாமா, உள்ளே என்னதான் செய்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அதனால் எழுதுகிறேன். நாங்கள் இருப்பது கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், மகளுக்கு 16 வயது.

கோர்னர் பந்துக்கு எழும்பியபோது எதிரணிப் பிள்ளையின் தலையும் இவளுடைய தலையும் மோதிவிட்டன. மயங்கவில்லை, ஆனால் எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் நின்றாள். பயிற்சியாளர் உடனே வெளியே எடுத்துவிட்டார். இங்கே அது சட்டம். 2013இல் ஒட்டாவாவில் றோவன் ஸ்ரிங்கர் என்ற 17 வயது றக்பி வீராங்கனை ஒரே வாரத்துக்குள் திரும்பத் திரும்பத் தலையில் அடிபட்டு இறந்துபோனாள். அந்தப் பிள்ளையின் பெயரில்தான் 2018இல் றோவன் சட்டம் வந்தது. கன்கஷன் என்று சந்தேகம் வந்தாலே வெளியே எடுக்க வேண்டும், வைத்தியரோ, நேர்ஸ் பிரக்டிஷனர் என்கிற மேற்பயிற்சி பெற்ற தாதியோ பார்த்துச் சரி என்று சொல்லாமல் திரும்ப முழு ஆட்டத்துக்கு விட முடியாது.

வாந்தி நிற்காததால் அவசரப் பிரிவில் சீ.ரி. ஸ்கேன் எடுத்தார்கள். ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வந்தால் சொந்தக்காரர் எல்லாரும், "ஸ்கேனிலை ஒண்டுமில்லைத்தானே, பிறகென்ன?" என்கிறார்கள். இந்தப் பேச்சுத்தான் எனக்குப் பெரிய பயத்தைத் தந்தது. சீ.ரி.யில் தேடுவது மண்டையோட்டு வெடிப்பையும் இரத்தக் கசிவையும். கன்கஷனில் பெரும்பாலும் குழம்புவது மூளை வேலை செய்யும் விதம், அது அந்தப் படத்தில் விழாது. "ஒண்டுமில்லை" என்று படம் வந்த அதே பிள்ளை அரைப்பக்கம் வாசித்தால் தலையிடி என்று படுத்துவிடுவாள், குசினியில் ஒரு மூடி விழுந்தால் இரண்டு காதையும் பொத்திக்கொள்வாள்.

ஆய்வைப் பற்றிச் சொன்னது கன்கஷன் கிளினிக்கில். அதில் எடுப்பது எம்.ஆர்.ஐ., காந்தத்தால் மூளையைப் படமெடுக்கும் ஸ்கேன். முதலில் தொலைபேசியில் நிறையக் கேட்டார்கள்: பல்லுக்குக் கம்பி போட்டிருக்கிறதா, உடம்பில் உலோகம் ஏதும் உண்டா, முன்பு தலையில் அடிபட்டதா, ஒற்றைத் தலைவலி இருந்ததா, எந்தக் கையால் எழுதுவாள். பல்லுக் கம்பி இருந்தால் மூளையின் முன்பக்கப் படம் கோணிப்போகுமாம். அவளுக்குக் கம்பி கழற்றியாகிவிட்டது, நல்ல காலம்.

ஸ்கேன் அன்று உடுப்பு மாற்ற வைத்தது ஏன் என்று நான் கேட்டேன். அவள் போட்டுக்கொண்டு போனது விளையாட்டு லெகிங்ஸ்தான், உலோகச் சிப் (zip) கூட இல்லை. ஆனால் சில விளையாட்டு உடுப்புகளில் மணம் வராமலிருக்க வெள்ளி இழை கலந்திருக்கும், ஸ்கேனருக்குள் அது சூடாகித் தோலைச் சுடலாம் என்றார் தொழில்நுட்பவியலாளர். பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள்.

காதுக்குள் பஞ்சு அடைப்பான், தலைக்கு இரண்டு பக்கமும் மெத்தை, முகத்துக்கு மேலே கூடு மாதிரி ஒரு கருவி, அதில் திரையைப் பார்க்கச் சின்னக் கண்ணாடி, கையில் அவசரத்துக்கு அமுக்க ஒரு பந்து. எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்ரே கதிர் இல்லை, எங்களுடைய ஆய்வில் ஊசி மருந்தும் ஏற்றவில்லை. சத்தம்தான் கடுமை. சத்தத்துக்கே தலையிடிக்கிற பிள்ளை என்பதால் இடையில் நிறுத்தலாமா என்று முன்கூட்டியே கேட்டு வைத்திருந்தோம். எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம், காரணமும் சொல்லத் தேவையில்லை.

ஒரே தரத்தில் பல வகைப் படங்கள் எடுத்தார்கள். சாதாரண உருவப் படம் ஒன்று. மிக நுண்ணிய இரத்தக் கசிவைத் தேட இன்னொன்று. சும்மா கிடக்கும்போது மூளையின் எந்தெந்தப் பகுதிகள் சேர்ந்து இயங்குகின்றன என்று பார்க்க ஒன்று. பிறகு திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக வரும், இரண்டு எழுத்துக்கு முன் வந்ததே திரும்ப வந்தால் பொத்தானை அமுக்க வேண்டும். அதில்தான் மகள் களைத்துப்போனாள். கடைசியில் படுக்கையே அதிர்கிற மாதிரி ஒரு சத்தத்தோடு டிஃப்யூஷன் படம். மூளைக்குள் நரம்பிழைகளின் திசையிலேயே நீர் கூடுதலாக நகரும், வாய்க்கால் வழியே தண்ணீர் போவதுபோல. இழைகள் பாதிக்கப்பட்டால் அந்த நகர்வின் அளவு மாறும், அந்த மாற்றத்தைத்தான் கணக்கெடுக்கிறார்கள்.

எல்லாம் முடிந்ததும், "அப்ப, அவளுக்கு எப்படி இருக்கு?" என்று நான் கேட்டது இயல்புதானே. ஒருங்கிணைப்பாளர் பொறுமையாக விளக்கினார். இந்த அளவு ஆளுக்கு ஆள் மாறும், இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும், பதின்ம வயதில் மூளை வளர்ந்துகொண்டிருப்பதால் வயதோடும் மாறும். அடிபட்ட பலரையும் அடிபடாத பலரையும் கூட்டமாக ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும், ஒரு தனிப் பிள்ளையின் படத்தை வைத்து கன்கஷன் உண்டு, இல்லை, குணமாகிவிட்டது என்று சொல்ல முடியாது. அதற்காகத்தான் அதே வயதுப் பெண்பிள்ளைகளை, கணுக்கால் சுளுக்கி விளையாடாமல் இருப்பவர்களைக்கூட, ஒப்பீட்டுக்குச் சேர்க்கிறார்கள். கட்டி போல வேறேதும் தற்செயலாகத் தெரிந்தால் மட்டும் அறிவிப்பார்கள். அதை அறிய விருப்பமா என்று சம்மதப் படிவத்திலேயே கேட்டிருந்தார்கள்.

அவள் திரும்ப விளையாடலாம் என்று வைத்தியர் எழுதித் தந்த பிறகு இரண்டாம் தரம் கூப்பிட்டார்கள். எனக்கு முக்கியமாகப் பட்டது இதுதான். தலையிடியெல்லாம் போன பிறகும் இரத்த ஓட்டத்திலும் நரம்பிழைகளிலும் மாற்றம் நீடிக்கலாம் என்று பல ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். எவ்வளவு காலம் பிள்ளையை ஆட்டத்துக்கு வெளியே வைப்பது என்ற கேள்விக்கு நல்ல பதில் வருவதென்றால் இப்படித் திரும்பத் திரும்ப எடுத்த படங்களில் இருந்துதான் வரவேண்டும். பெண்பிள்ளைகள் ஆய்வுகளில் குறைவாகவே இருந்திருக்கிறார்கள், உதைபந்தாட்டத்திலோ பையன்களைவிட இவர்களுக்குத்தான் கன்கஷன் கூடுதலாகப் பதிவாகிறது. ஆகவே கேட்கிற பெற்றோருக்கு என் பதில், சேருங்கள். ஆனால் அந்த ஸ்கேனை நம்பி மைதானத்துக்கு அனுப்ப வேண்டாம். அது வைத்தியரும், பிள்ளைக்கு இருக்கிற அறிகுறிகளும், படிப்படியான பயிற்சியும் சேர்ந்து முடிவு செய்கிற விஷயம். எங்கள் வீட்டில் முதலில் நடை, பிறகு மெல்லோட்டம், பிறகு தனியாகப் பந்து, தலையால் முட்டுவது எல்லாவற்றுக்கும் கடைசியில் என்று போனது.

கையெழுத்துப் போடுமுன் கேட்க வேண்டியவை: தற்செயலாக ஏதும் தெரிந்தால் யார், எப்போது சொல்வார்கள், படங்களை எத்தனை வருடம் வைத்திருப்பார்கள், பெயரை நீக்கிவிட்டு வேறு ஆய்வாளர்களுக்குக் கொடுப்பார்களா, நடுவில் விலகினால் எடுத்த படங்கள் என்னாகும். எங்களுக்கு எல்லாவற்றுக்கும் எழுத்திலேயே பதில் தந்தார்கள், நீங்களும் எழுத்திலேயே கேளுங்கள்.