வண்டேலியா நாட்குறிப்பு, 1836–37

டிசம்பர் 5, 1836
இல்லினாய் மாநிலச் சட்டசபை கூடியது. தலைநகரம் கைவிட்டுப் போய்விடக் கூடாதே என்று ஊர்க்காரர்கள் பழைய கட்டடத்தை இடித்துவிட்டு அவசர அவசரமாக எழுப்பிய புதுக் கட்டடம். சுவரில் பூசிய சாந்து இன்னும் காயவில்லை. மேசையில் வைத்த தாள் ஒரு மணி நேரத்தில் நமத்துப்போகிறது.

டிசம்பர் 9
மனைவியிடமிருந்து கடிதம் இல்லை.

டிசம்பர் 14
இருமல். எல்லாம் இந்த ஈரச் சுவரால்தான். சாங்கமன் கவுன்டியின் (மாவட்டத்தின்) உறுப்பினர்கள் ஒன்பது பேரும் நெட்டையர்கள். லிங்கன் ஆறடி நாலங்குலம். அவருக்கும் உடம்பு சரியில்லை. தலைநகரத்தைத் தங்கள் கவுன்டியிலுள்ள ஸ்பிரிங்ஃபீல்டுக்குக் கொண்டுபோவது ஒன்றுதான் அவர்கள் குறி. உனக்கு ரயில் பாதை, எனக்குத் தலைநகரம் என்று பேச்சு அடிபடுகிறது. எங்கள் கவுன்டிக்கும் ஒரு பாதை கேட்டு வைத்திருக்கிறேன்.

டிசம்பர் 24
வடக்கிலிருந்து வந்தவர்கள் சொன்னதைக் கேட்டதிலிருந்து தொண்டையில் எதுவும் இறங்கவில்லை. 20ஆம் தேதி செவ்வாய்க்கிழமை. மழை, பனிச்சேறு. திடீரென்று வடமேற்கிலிருந்து காற்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே சேறு கல்லாகிவிட்டதாம். கோழியும் வாத்தும் கால் சிக்கி நின்ற இடத்திலேயே நின்றுவிட்டன. ஸ்பிரிங்ஃபீல்டுக்குக் குதிரையில் போன ஒருவரின் உடுப்பு சேணத்தோடு உறைந்து ஒட்டிக்கொண்டது. ஆளைச் சேணத்தோடு தூக்கி உள்ளே கொண்டுபோனார்களாம்.

செவ்வாய்க்கிழமை அவள் எதற்கு வெளியே போயிருப்பாள்? பாலைக் காலையிலேயே கறந்திருப்பாள். விறகு? வாசலோரம் நான் அடுக்கிவிட்டு வந்தது மூன்று வாரத்துக்குத்தான் வரும். மிச்சம் கொட்டகையில். கொட்டகைக்கு நாற்பது எட்டு நடக்க வேண்டும். வயிற்றில் எட்டு மாதம். ஏன் முழுவதையும் வாசலில் அடுக்கவில்லை? இன்னும் அரை நாள் வேலை, அவ்வளவுதான்.

டிசம்பர் 31
இல்லை.

ஜனவரி 11, 1837
கடிதம். உறையில் மைத்துனன் கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்கக் கை வரவில்லை. உயிரோடு இருக்கிறாள். கொட்டகைக்குத்தான் போயிருக்கிறாள். இடது கையில் இரண்டு விரல் கறுத்துவிட்டன. பிள்ளை அசைகிறது என்று எழுதியிருக்கிறான்.

நாற்பது எட்டு.

ஜனவரி 20
அடிமை ஒழிப்புச் சங்கங்களைக் கண்டித்துத் தீர்மானம். தென் மாநிலங்களில் அடிமைகள்மேல் உள்ள சொத்துரிமை புனிதமானதாம். 77க்கு 6. லிங்கன் அந்த 6 பேரில் ஒருவர். என் பெயர் வந்தபோது அந்த இரண்டு விரல்களை நினைத்துக்கொண்டிருந்தேன். ஆம் என்றேன்.

பிப்ரவரி 3
பெண் குழந்தை! இருவரும் நலம்.

பிப்ரவரி 27
உள்நாட்டு மேம்பாட்டுச் சட்டம் நிறைவேறியது. ஏறக்குறைய ஒரு கோடி டாலர், அத்தனையும் கடன். எங்களுக்கு ரயில் பாதை இல்லை. பாதை கிடைக்காத கவுன்டிகளுக்கென்று ஒதுக்கிய 2 லட்சத்தில் ஒரு பங்கு. இந்தக் கடனை யார் அடைப்பது? என் மகள்தான் அடைப்பாள் போலிருக்கிறது.

பிப்ரவரி 28
தலைநகரத்துக்கான வாக்கெடுப்பு. நாலாவது சுற்றில் ஸ்பிரிங்ஃபீல்டு 73. வண்டேலியா 16. நானும் ஸ்பிரிங்ஃபீல்டுக்குத்தான் போட்டேன். விடுதிக்கார அம்மா சாப்பாட்டை வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போனார். சாயங்காலம் தனியாகச் சபைக்குப் போய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். இப்போதுதான் காய்ந்திருக்கிறது.

மார்ச் 3
லிங்கனும் சாங்கமனின் இன்னொரு உறுப்பினர் டான் ஸ்டோனும் ஜனவரித் தீர்மானத்துக்குத் தங்கள் எதிர்ப்பைச் சபைப் பதிவேட்டில் ஏற்றினார்கள். அடிமை முறை அநீதியிலும் கெட்ட கொள்கையிலும் நிற்கிறது என்று இருக்கிறது. ஒழிப்புப் பிரசாரம் அந்தத் தீமையைக் கூட்டத்தான் செய்யும் என்றும் இருக்கிறது. இரண்டே கையெழுத்து. ஸ்பிரிங்ஃபீல்டு கைக்கு வரட்டும் என்று ஆறு வாரம் காத்திருந்தார்கள் என்கிறார் பக்கத்து இருக்கைக்காரர். இருக்கட்டும். காத்திருந்தாவது எழுதினார்களே. என்னிடம் யாரும் கையெழுத்துக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் போட்டிருப்பேனா?

77ஐ 76 ஆக்க ஒரு வாய் போதும். அது என் வாயாக இருந்திருக்கலாம்.

மார்ச் 4
தூக்கமில்லை. மகளுக்கு என்ன பெயர் வைத்தாள் என்று மைத்துனன் எழுதவே இல்லை.

மார்ச் 6
கூட்டத்தொடர் முடிந்தது. குதிரைக்கு லாடம் அடித்தாயிற்று.

மார்ச் 8
ஓடை கரை புரள்கிறது. குதிரை இறங்க மறுக்கிறது. விடியட்டும்.