நான் வெட்டிய கத்தி

இத்தாலியில், பொலோஞ்ஞாவில் நான் குடியிருந்த வீட்டுக்கு லிஃப்ட் கிடையாது. ஒரு சனிக்கிழமை, சந்தையில் வாங்கிய முழுப் பூசணிக்காயைச் சுமந்துகொண்டு மூன்றாவது மாடிக்கு ஏறிக்கொண்டிருந்தேன். எதிரே இறங்கி வந்த வீட்டுக்காரப் பாட்டி என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "கி வா பியானோ..." என்றார். கி என்றால் யார், வா என்றால் போகிறார், பியானோ என்றால் மெதுவாக. யார் மெதுவாகப் போவது என்று கேட்கிறாராக்கும்! "இயோ, சிஞ்ஞோரா" என்றேன் மூச்சிரைக்க. நான்தான் அம்மா.

அவர் கேள்வியே கேட்கவில்லை. "கி வா பியானோ, வா சானோ எ வா லொன்தானோ" என்பது அங்கே ஊரறிந்த பழமொழி. மெதுவாகப் போகிறவன் நலமாகப் போவான், நெடுந்தூரமும் போவான். நாம் 'யார் போகிறாரோ' என்று ஓர் 'ஓ' போட்டு, இது கேள்வி இல்லை என்று காட்டிவிடுவோம். இவர்களுக்கு இரண்டுக்கும் அதே 'கி'தான்.

சரி, அதோடு போயிற்றா? சாயங்காலம் கூட்டு வைக்கலாம் என்று உட்கார்ந்தால் என் கத்தி அந்தத் தோலில் இறங்கவே இல்லை. பாட்டியிடம் பெரிய கத்தி ஒன்று வாங்கி வந்து வேலையை முடித்தேன். கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடுக்கும்போது, சும்மா கொடுக்காமல், "எக்கோ இல் கொல்தெல்லோ கே ஓ தல்யாத்தோ" என்றேன். இதோ நான் வெட்டிய கத்தி.

பாட்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். கத்தியை இப்படியும் அப்படியும் திருப்பினார். பிடியைத் தடவிப் பார்த்தார்.

"தோவே?" எங்கே?

"இன் குச்சீனா." சமையலறையில்.

நான் கத்தியையே வெட்டிவிட்டதாகச் சொல்லியிருக்கிறேன் என்பது அவர் சிரித்து முடித்த பிறகுதான் புரிந்தது. தமிழில் நான் வெட்டிய காய், நான் வெட்டிய கத்தி, நான் வெட்டிய பலகை, எல்லாவற்றுக்கும் ஒரே 'வெட்டிய' போதும். காயை, கத்தியால், பலகையில் என்று கேட்பவரே பிரித்துக்கொள்வார். இத்தாலியனில் அந்த 'ஆல்' எங்கேயும் தொலையக் கூடாது. 'கோன்' என்று அதை முன்னால் வைத்தாக வேண்டும். வைத்த உடனே, கத்தியையும் 'வெட்டினேன்' என்பதையும் இணைத்து நின்ற 'கே' எழுந்து போய்விடும், அதன் இடத்தில் 'கூயி' வந்து உட்காரும். இல் கொல்தெல்லோ கோன் கூயி ஓ தல்யாத்தோ. குய்யோ முறையோ என்று கத்தலாம்போல இருந்தது.

அப்புறம் ஒரு வாரம் கண்ட இடத்திலெல்லாம் கூயி போட்டேன். 'நேற்று வந்த பையன்' என்பதற்குக்கூட. அங்கே பையன்தான் எழுவாய், ஆகவே வெறும் 'கே' போதும் என்று பாட்டி மறுபடி பாடம் எடுத்தார்.

அடுத்த ஞாயிறு பாயசத்துக்குப் பெரிய பாத்திரம் கேட்டுப் போனேன். எடுத்து வந்தவர், கொடுக்காமல் ஒரு நிமிடம் கையிலேயே வைத்திருந்தார்.

"இதைச் சமைத்துவிடாதே. இதில் சமை."