முழுப் பணம் கட்டினால்தான் சேஸிஸ் நம்பர் என்றார்கள்

2024 செப்டம்பர் கடைசியில் கோவை அவினாசி ரோட்டில் ஒரு ஷோரூமில் கார் புக் செய்தேன். அம்மாவுக்கு மூட்டு வலி. பழைய கார் தாழ்வாக இருந்ததால் ஏற, இறங்க என் தோளைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. கொஞ்சம் உயரமான வண்டியாக இருந்தால் போதும் என்பதுதான் என் எண்ணம். பத்தாயிரம் அட்வான்ஸ். "தீபாவளிக்கு வண்டி உங்க வீட்டு வாசல்ல நிக்குங்க சார்" என்றார் சேல்ஸ் தம்பி. அந்தச் சொல்லை நம்பி அக்டோபர் முதல் வாரமே பழைய காரை விற்றுவிட்டேன். அதைச் செய்திருக்கக் கூடாது.

தீபாவளி போனது, கார்த்திகையும் போனது. போன் செய்யும்போதெல்லாம் "கம்பெனியிலிருந்தே வரலைங்க" என்ற ஒரே பதில். அம்மாவை ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில்தான் கூட்டிப் போனேன். ஒவ்வொரு வேகத்தடையிலும் அவர் பல்லைக் கடித்துக்கொள்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்கழி பிறந்து இரண்டாம் நாள் அவர்களே கூப்பிட்டார்கள். வண்டி ஒதுக்கியாகிவிட்டது, மூன்று நாளில் முழுப் பணம் கட்டாவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும் என்றார்கள். வண்டியின் அடையாள எண்ணான சேஸிஸ் நம்பரைக் கேட்டேன்; வண்டி எப்போது தயாரானது என்பதை அதை வைத்துத் தெரிந்துகொள்ளலாம். "ஃபுல் பேமென்ட் வந்தாத்தாங்க சிஸ்டத்துல காட்டும்" என்றார்கள். வருடக் கடைசியில் இதைக் கேட்காமல் விடக் கூடாது. தயாரான மாதமும் வருடமும் பதிவுச் சான்றான ஆர்.சி.யில் ஏறிவிடும். நாளை விற்கப் போனால் வாங்குபவர் முதலில் பார்ப்பது அதைத்தான்.

மறுநாள் நேரிலேயே போய், வண்டியைக் கண்ணால் பார்க்காமல் ஒரு ரூபாய் கூடக் கட்ட மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன். ஒன்றரை மணி நேரம் கழித்து ஸ்டாக்யார்டுக்குக் கூட்டிப் போனார்கள். நான் கேட்ட நிறம்தான். ஆனால் மேலே தூசி படை படையாக இருந்தது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். அதன் முதல் இரண்டு இலக்கங்கள் டயர் தயாரான வாரத்தையும், கடைசி இரண்டு இலக்கங்கள் வருடத்தையும் குறிக்கும். அதில் 1924 என்றிருந்தது. அதாவது 2024 மே மாத டயர். கம்பெனி இன்வாய்ஸைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். ஜூன் தேதி போட்டிருந்தது.

நான் புக் செய்வதற்கு மூன்று மாதம் முன்பே வந்து வெயிலில் நின்ற வண்டி! வேறொருவர் வேண்டாம் என்று விட்டது என மேனேஜர் ஒப்புக்கொண்டார். அப்படியென்றால் இத்தனை நாள் எதற்காகக் காத்திருந்தோம்? இருபதாயிரம் குறைத்துத் தருவதாகச் சொன்னார். முதல் நாளே உண்மையைச் சொல்லி அந்த விலைக்குக் கேட்டிருந்தால் யோசித்திருப்பேன். 2025-இல் தயாரானது வந்தால் மட்டும் எடுப்பேன், இல்லையென்றால் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுங்கள் என்று எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொண்டு வந்தேன்.

அப்புறம் கொட்டேஷன். கடைசி வரியில் "இதர" என்று 18,500 ரூபாய் இருந்தது. பிரித்துக் கேட்டால் அக்ஸசரீஸ் கிட் 11,400, ஹேண்ட்லிங் 6,500, ஃபாஸ்டேக் 600. கிட் வேண்டாம் என்றேன். ஹேண்ட்லிங் சார்ஜ் என்ற பெயரிலேயே ரசீது கொடுங்கள், கட்டுகிறேன் என்றேன். அடுத்த கொட்டேஷனில் அந்த வரியே இல்லை.

இன்சூரன்ஸ்தான் பெரிய இழுபறி. அவர்கள் போட்டது 47,200. புதுக் காருக்கு மூன்று வருட தேர்ட் பார்ட்டி, அதாவது நம் வண்டியால் அடுத்தவருக்கு ஏற்படும் பாதிப்புக்கான இன்சூரன்ஸ், கட்டாயம். 1000 முதல் 1500 சி.சி. வரை அதற்கு அப்போது அரசு வைத்திருந்த கட்டணம் வரி போக 10,640 ரூபாய், எங்கே எடுத்தாலும் அதுதான். வித்தியாசமெல்லாம் சொந்த வண்டிச் சேதத்துக்கான பங்கில்தான் வரும். ஐந்து வருடமாக க்ளெய்ம் எடுக்காததால் பழைய காரில் எனக்கு 50 சதவீத நோ க்ளெய்ம் போனஸ், அதாவது சொந்த வண்டிச் சேதத்துக்கான பிரீமியத்தில் தள்ளுபடி, சேர்ந்திருந்தது. விற்றபோதே அதற்குச் சான்று வாங்கி வைத்திருந்தேன். புதுக் காருக்கு அது அப்படியே செல்லும். அதைப் பற்றி ஷோரூமில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. வெளியில் அதே ஐ.டி.வி.க்கு, அதாவது இன்சூரன்ஸில் வண்டிக்குப் போடும் அதே மதிப்புக்கு, 28,900 வந்தது.

"வெளிய எடுத்தா எங்க சர்வீஸ்ல கேஷ்லெஸ் கிடைக்காதுங்க" என்றார் சேல்ஸ் தம்பி. கேஷ்லெஸ் என்றால் ரிப்பேர் பணத்தை இன்சூரன்ஸ் கம்பெனியே நேராகக் கட்டிவிடுவது. அதே வளாகத்தில் இருந்த சர்வீஸ் சென்டருக்கு நடந்துபோய்க் கேட்டேன். அந்த இன்சூரன்ஸ் கம்பெனி வண்டிகள் தினமும் வருகின்றன, கேஷ்லெஸ் உண்டு என்றார் அங்கிருந்தவர். திரும்பி வந்து சொன்னதும் தம்பி தலையைக் குனிந்துகொண்டார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. மாதா மாதம் இத்தனை பாலிசி விற்க வேண்டும் என்று அவர் கழுத்தில் கத்தி. அந்தக் கத்தியைப் பிடித்திருப்பவர்கள் மேல்தான் கோபம்.

தை கடைசி வாரத்தில் வண்டி வந்தது. இந்த முறை பணம் கட்டும் முன்பே சேஸிஸ் நம்பரை அனுப்பினார்கள். பகல் வெளிச்சத்தில் பெயின்ட், கண்ணாடி, ஸ்டெப்னி எல்லாம் பார்த்தபின் மீதியைக் கட்டினேன். சாலை வரி மட்டும் லட்சத்தைத் தாண்டியது. அது அரசுக்குப் போவது, அதில் பேச ஒன்றுமில்லை. விற்பனைச் சான்றான ஃபார்ம் 21-இல் தயாரான மாதம் ஜனவரி 2025 என்றிருந்ததை இரண்டு முறை படித்தேன்.

சக்கரத்துக்கு எலுமிச்சை வைத்து எடுத்தோம். அம்மா கதவைத் திறந்து, சீட்டில் கை ஊன்றி, தானாகவே ஏறி உட்கார்ந்தார்.