தண்ணீர் வடிந்த பிறகு

புயல் கரையைக் கடந்த மறுநாள் மதியம்தான் வீட்டுக்குள் போக முடிந்தது. சுவரில் முழங்கால் உயரத்துக்குப் பழுப்பாக ஒரு கோடு. தரையெல்லாம் வழுவழுவென்று சேறு. உடனே துடைப்பத்தை எடுக்கத்தான் கை பரபரத்தது. அக்கா விடவில்லை. "முதல்ல போட்டோ எடு. கழுவிட்டா தண்ணி எவ்வளவு நின்னுச்சுன்னு எப்படிக் காட்டுவ?" என்றாள். சுவர்க்கோடு, மெத்தை, ஃபிரிட்ஜின் பின்னால் ஒட்டியிருந்த மாடல் எண் என்று எல்லாவற்றையும் எடுத்தோம். பின்னால் காப்பீட்டுக்கு அந்தப் படங்கள்தான் கைகொடுத்தன.

மெயின் சுவிட்சை எலக்ட்ரீஷியன் வந்து பார்க்கும்வரை யாரும் தொடவில்லை. கீழே இருந்த பிளக் பாயிண்டுகளைக் கழற்றியபோது உள்ளே ஈரச்சேறு அப்பியிருந்தது. அவசரப்பட்டு கரண்ட் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

அடுத்தது பூஞ்சை. ஈரம் நின்றால் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் அது பிடிக்க ஆரம்பித்துவிடும். அதனால் பீரோ, கட்டில் எல்லாவற்றையும் சுவரைவிட்டு நகர்த்தி, ஜன்னல்களைத் திறந்துவைத்தோம். வெள்ளத்தில் சாக்கடையும் கலந்திருந்ததால் கையுறையும் பூட்ஸும் இல்லாமல் யாரையும் இறங்கவிடவில்லை. ஊறிப்போன மெத்தைகளைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள். மேலே காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே காயவே காயாது.

இரவல் வாங்கிய ஜெனரேட்டரை மழைக்குப் பயந்து வராந்தாவில் வைத்தோம். அரைமணி நேரத்தில் அம்மாவுக்குத் தலைவலி, குமட்டல். களைப்பு என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம்தான் உறைத்தது, புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு! அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. உடனே நிறுத்தி, அம்மாவைத் திறந்த வெளிக்கு அழைத்துப்போய், அங்கிருந்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். நல்லவேளை, தேறிவிட்டார். ஜெனரேட்டர் வீட்டிலிருந்து குறைந்தது 6 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும், புகை வரும் பக்கம் வீட்டைப் பார்த்து இருக்கக்கூடாது. இந்த ஒன்றை மட்டுமாவது தயவுசெய்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு வீட்டைவிடப் பெரிய கவலை, கல்யாண ஆல்பம். பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. காய்ந்தபின் பிரித்தால் படம் உரிந்துவிடும். ஈரமாக இருக்கும்போதே சுத்தமான தண்ணீரில் மிதக்கவிட்டு, ஒவ்வொன்றாகப் பிரித்து, படத்தின் முகப்பைத் தொடாமல் மேல்நோக்கி உலர்த்தினோம். ஓரங்கள் கரைந்து நிறம் ஓடியிருந்தது. அப்பாவின் முகம் மட்டும் ஒரு படத்தில் முழுசாகத் தப்பியிருந்தது. அம்மா அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், காயும்வரை.

இப்போது வீடு பழைய மாதிரி ஆகிவிட்டது. ஆனால் ராத்திரி கொஞ்சம் பலமாகக் காற்றடித்தால் அம்மா எழுந்துபோய் ஜன்னல் கொக்கிகளைப் பார்க்கிறார். "ஒண்ணும் இல்லை, படுங்கம்மா" என்று சொல்வதை விட்டுவிட்டேன். நானும் எழுந்து டார்ச்சோடு கூடவே போகிறேன்.