ஒரு வாய்டா மணி

வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு வீட்டுத் திண்ணை. புற்றுநோய் வந்த கிழட்டு நாய், தட்டை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. "ஒரே ஒரு வாய்டா மணி" என்று அந்த அம்மா கெஞ்சுகிறார்.

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சில்லென்ற தயிர்சோறு. அதில் வாசனையே இருக்காது.

குமட்டும் நாய்க்கு மூக்கு சொன்னால்தான் வாய் திறக்கும். கோழியை வேகவைத்த தண்ணீரில் சோற்றைக் குழைத்து, மணிக்கட்டில் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும் சூட்டில், ஒரு நாளைக்கு நாலைந்து தடவை, கொஞ்சம் கொஞ்சமாக. வெங்காயம், பூண்டு கூடவே கூடாது. ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். திணிக்காதீர்கள், புரையேறும். பிறகு அந்தச் சாப்பாட்டைக் கண்டாலே ஒதுங்கும்.

வலிக்கு நம் வீட்டு மாத்திரை வேண்டவே வேண்டாம். ஐபுப்ரொஃபென் குடலைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

எழ முடியாத நாயை 3, 4 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வையுங்கள். முழங்கையிலும் இடுப்பெலும்பிலும்தான் முதலில் தோல் சிவக்கும்.

வேலூர் வெயிலுக்கு ஈரத்துணியால் பாதமும் அடிவயிறும் துடைத்தால் போதும். அந்தத் துணியை மேலே போர்த்தினால் சூடு உள்ளேயே நிற்கும், பாவம்.

தூங்கும்போது மூச்சை எண்ணுங்கள். நிமிடத்துக்கு 30-ஐத் தாண்டிக்கொண்டே இருந்தால் உடனே டாக்டர்.

அந்த அம்மா கோழித் தண்ணியில் புதுச்சோறு குழைத்து வந்தார். முதலில் மூக்கு அசைந்தது. அப்புறம் நாக்கு.