சைக்கிள் பம்பு வாங்கப் போகிறவர்களுக்கு

"ஆயிரம் ரூபாய்க்குள் நல்ல சைக்கிள் பம்பு எது?" என்று உள்பெட்டியில் கேட்கிறார்கள். பம்பைத் தேடும் முன் குனிந்து உங்கள் சைக்கிளின் வால்வைப் பாருங்கள். வால்டியூப் என்ற சின்ன ரப்பர் குழாய் மாட்டிய பழைய ரகமா, மோட்டார் சைக்கிளில் இருப்பதுபோல் தடித்ததா, நுனியில் குட்டித் திருகு வைத்த மெல்லிய பிரெஸ்டாவா? அதற்குப் பொருந்தாத வாய் கொண்ட பம்பு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தண்டம்தான்.

அடுத்தது, காற்றழுத்தத்தை பிஎஸ்ஐ அளவில் காட்டும் அழுத்தமானி. "160 பிஎஸ்ஐ வரை ஏறும் சார்" என்று கடைக்காரர் பெருமையாகச் சொல்வார். மலைச்சைக்கிளின் தடித்த டயருக்கு 30, 40 போதும். அதற்கு ஒரே அடியில் நிறையக் காற்றைத் தள்ளும் பருத்த பம்பு வேண்டும். 90, 100 கேட்கும் ஒல்லி டயருக்கு ஒடுங்கிய பம்பு. இல்லாவிட்டால் கடைசி இருபதை ஏற்ற முழு உடம்பையும் கைப்பிடியில் தொங்கவிட வேண்டியிருக்கும். எந்த அளவைத் தாண்டக் கூடாது என்பது டயரின் பக்கவாட்டிலேயே அச்சிடப்பட்டிருக்கும். (வால்டியூப்காரர்கள் மானியை அப்படியே நம்ப வேண்டாம். அந்த ரப்பரைத் திறக்கவே கொஞ்சம் அழுத்தம் செலவாகிறது. கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பதே மேல்.)

பிளாஸ்டிக் அடித்தட்டு எனக்குப் பிடிக்காது. மிதித்து நின்று அடிக்க இரும்புதான் சரி. பம்புக்குள் காற்றைத் தள்ளும் வாஷர் தேய்ந்தால் கழற்றி மாற்ற முடியுமா என்றும் கேளுங்கள்.

தோல் வாஷர் வைத்த பழைய பம்பு பரணில் கிடந்தால், முதலில் அதற்கு இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு அடித்துப் பாருங்கள். காய்ந்து சுருங்கிய தோல் ஊறி விரிந்தால் புதிதாக வாங்கும் செலவே மிச்சம்.