மிலோ டின்னில் எரியாதவை

மாந்திரீகத்தை விட்டுவிட முடிவு செய்ததும், ஞாயிறு தமிழ்ப் பூசைக்கு முன்னால் போய்க் கன்ஃபெஷன் (பாவசங்கீர்த்தனம்) வரிசையில் நின்றதுதான் முதல் தப்பு. பூசைக்கு இருப்பதோ அரை மணி நேரம், பின்னால் பத்துப் பேர். போமோவிடம் (மலாய் மந்திரவாதியிடம்) போன கதையை அங்கே ஆரம்பித்தால் பாதியில் மணி அடித்துவிடும். பினாங்கு மாநிலத்துப் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் திருவிழாவில் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவதும் வீண். ஜூலை 26ஐ ஒட்டி அங்கே நிற்கவே இடம் கிடைக்காது. பங்கு அலுவலகத்தில் கேட்டுத் தனி நேரம் வாங்குங்கள், திங்கட்கிழமையைத் தவிர்த்து. பல பங்குகளில் அன்றுதான் ஃபாதருக்கு ஓய்வு நாள். ஃபெரி ஏறிப் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு வர வேண்டாம்.

ஞானஸ்நானம் ஆகாதவர் என்றால் பாதையே வேறு. ஃபாதர் பேசுவார், ஜெபிப்பார். ஆனால் பாவமன்னிப்பு அருட்சாதனம் தர முடியாது (திருச்சபைச் சட்டம் 842). புகுமுக வகுப்பு, தவக்காலத்தின் 3, 4, 5ஆம் ஞாயிறுகளில் தீமையிலிருந்து விடுதலை கேட்கும் மன்றாட்டு, பிறகு பாஸ்கா (ஈஸ்டர்) இரவில் சாத்தானை "விட்டுவிடுகிறேன்" என்று சபை கேட்கச் சொல்லி ஞானஸ்நானம். குழந்தையில் எஸ்டேட் கோயிலில் தண்ணீர் ஊற்றினார்களா இல்லையா என்றே தெரியாதவர்களை, தோட்டம் மூடியிருந்தால் பக்கத்து டவுன் பங்கில் பதிவேட்டைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள்.

கன்ஃபெஷனில் திணறும் இடம் ஒன்றுதான். "மாந்திரீகத்தில் ஈடுபட்டேன், ஃபாதர்" என்று ஒரே வரியில் முடித்துவிடப் பார்ப்போம். சட்டம் 988 கேட்பது என்ன வகை, எத்தனை முறை என்பது. நாலு நம்பர் லாட்டரிக்குக் குறி கேட்டது, மை போட்டுப் பார்த்தது, மைத்துனர் வியாபாரம் படுக்கத் தகடு புதைத்தது எல்லாம் ஒன்றாகிவிடாது. கடைசியில் சொன்னதில் அடுத்தவருக்குக் கேடு நினைத்த பாவமும் சேர்ந்திருக்கிறது. யாரையாவது கூட்டிக்கொண்டு போயிருந்தால் அதையும் சொல்ல வேண்டும். தாளில் எழுதிக்கொண்டு போங்கள், வந்ததும் கிழித்துவிடுங்கள். "பிள்ளைக்குச் சுகமாகட்டும் என்றுதானே போனோம்" என்ற சாக்கு செல்லாது. மறைக்கல்வி ஏட்டின் 2117ஆம் எண் அதையும் பெயர் சொல்லியே தடுக்கிறது, தாயத்து கட்டுவதையும் சேர்த்து.

அடுத்தது தாயத்து, தகடு போன்ற சாமான். எபேசு நகரில் மனம் மாறியவர்கள் மந்திர ஏடுகளைக் கொண்டுவந்து எல்லார் முன்னிலையிலும் எரித்தார்கள், மதிப்பு 50,000 வெள்ளிக் காசு (திருத்தூதர் பணிகள் 19:19). நம் ஊர் வெள்ளி (ரிங்கிட்) என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு காசு ஏறக்குறைய ஒரு நாள் கூலி. ஃபிளாட்டில் இருப்பவருக்கு அந்த வசதி இல்லை. நடைபாதையில் புகை வந்தாலே மேனேஜ்மென்ட் ஆள் வந்து நிற்பார், திறந்தவெளியில் எரிப்பதை 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டமும் தடுக்கிறது. சாமானைப் பையில் கட்டி ஃபாதரிடமே கொண்டுபோங்கள். ஃபாதர் பங்களா வளாகத்தில் ஒரு பெரிய மிலோ டின் போதும். கயிறும் தாளும் ஒரு நிமிடத்தில் சாம்பல். செப்புத் தகடு எரியாது, கறுத்துப்போய்க் கிடக்கும். விரித்து, எழுத்து தெரியாதபடி சுத்தியலால் தட்டி, வெட்டிப் போட வேண்டும். நிலைப்படி மேல், அரிசி டின் அடி, கார் டேஷ்போர்டு, பர்ஸ் உள்மடிப்பு, இந்த நாலு இடத்தையும் இரண்டு முறை பாருங்கள். தங்கக் கூட்டில் போட்ட தாயத்துதான் கடைசிவரை கையைவிட்டுப் போகாது. அப்படியே நகைக்கடையில் கொடுத்துவிடலாமே என்று மனசு சொல்லும். அந்தச் சபலத்தைத்தான் இணைச்சட்டம் 7:25 சொல்கிறது. உள்ளே இருப்பதை எடுத்து அழிக்காமல் கூட்டை யாரிடமும் கொடுக்காதீர்கள். அம்மாவின் சாமி மேடையில் மட்டும் கை வைக்காதீர்கள். நீங்கள் வாங்கியதுதான் உங்கள் கணக்கு.

இடையில் பேயை விரட்டுகிறேன் என்று ஒரு "விடுதலை ஊழியர்" வந்து மூன்று வெள்ளிக்கிழமைக்கு இவ்வளவு என்று தொகை பேசினார். போமோவே மலிவு! காசு கொடுத்து வரம் வாங்க வந்த சீமோனைப் பேதுரு திட்டியது (திருத்தூதர் பணிகள் 8:20) இவருக்கும் சேர்த்துத்தான். கத்தோலிக்கத் திருச்சபையில் பேயோட்டும் சடங்கை நினைத்தவர் நடத்த முடியாது. ஆயரின் வெளிப்படையான அனுமதி பெற்ற குருவுக்கு மட்டும்தான் அது (சட்டம் 1172). அதற்கும் முன்னால் டாக்டரைப் பார்த்தாயிற்றா என்று கேட்பார்கள். கோபப்படாதீர்கள், மாத்திரையையும் நிறுத்தாதீர்கள்.

தாயத்து இருந்த கழுத்தில் புனிதர் பதக்கத்தை மாட்டிக்கொண்டு, அது காப்பாற்றும் என்று இருந்தால் கயிறு மாறியதோடு சரி. திருத்தூதர் பணிகளில் வரும் ஸ்கேவாவின் ஏழு பிள்ளைகளும் பேயோட்டப் போய், இயேசுவின் பெயரை மந்திரம்போல் சொல்லித்தான் உதைபட்டு ஓடினார்கள்.

போனில் அந்தப் போமோவின் நம்பரை அன்றைக்கே பிளாக் செய்யுங்கள். இல்லாவிட்டால் புதன், சனி, ஞாயிறு, குலுக்கல் நாள் பார்த்து "இன்றைக்கு ஒரு நல்ல நம்பர் இருக்கு தம்பி" என்று மெசேஜ் வரும்.